மதிப்பைக் கேட்கும் முன் வகையைக் கேட்போம்

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். "மிதப்புப் புள்ளி எண்களை வகைப்படுத்துதல்" என்று பலகையில் எழுதியதும் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், "சார், இது எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டார். உண்டு, டீச்சர். உங்களுக்குத்தான் இது முதலில் தேவை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

நாம் எல்லோருமே மதிப்பெண் பட்டியல் தயாரிக்கிறோம். அதில் ஒரு கட்டம் வந்தால் மட்டும் பேனா சற்று நிற்கும். தேர்வுக்கு வராத பிள்ளையின் கட்டம் அது. அங்கே என்ன எழுதுவது? இந்தக் கேள்வியைக் கணினி வல்லுநர்களும் கேட்டார்கள். வருடக்கணக்கில் விவாதித்து ஒரு விடையும் கண்டார்கள். அந்த விடையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு சிறிய கணக்கு

ஐந்து மாணவர்கள். கணக்குத் தேர்வில் நான்கு பேர் 60, 70, 80, 90 எடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது மாணவி காய்ச்சல் காரணமாக வரவில்லை. அவள் கட்டத்தில் 0 என்று போட்டால் மொத்தம் 300, ஐந்தால் வகுத்தால் சராசரி 60. கட்டத்தைக் காலியாக விட்டால், விரிதாள் மென்பொருள் அந்தக் கட்டத்தைச் சராசரியில் சேர்க்காது. 300ஐ நான்கால் வகுத்து 75 என்று காட்டும். ஒரே வகுப்பு, ஒரே தேர்வு, அதே விடைத்தாள்கள். ஆனால் சராசரியில் 15 மதிப்பெண் வித்தியாசம்.

கூட்டலும் சரியாக இருக்கிறது, வகுத்தலும் சரியாக இருக்கிறது. "இங்கே எண் இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதியதால் வந்த வினை இது. 0 என்பதும் ஒரு விடைதான். "இவள் தேர்வு எழுதினாள், ஒன்றும் பெறவில்லை" என்று அது சொல்கிறது. அந்த மாணவியைப் பற்றி அது உண்மையல்ல.

ஆக, ஓர் எண்ணின் மதிப்பு என்ன என்று பார்ப்பதற்கு முன், அது எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கணினிக்குள் இதற்கென ஓர் ஏற்பாடே இருக்கிறது.

கணினி எண்ணை எழுதும் விதம்

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் அறிவியல் குறியீடு நடத்துகிறோம். ஒளியின் வேகத்தை நொடிக்குச் சுமார் 3 × 10⁸ மீட்டர் என்று எழுதுகிறோம். 300000000 என்று நீட்டாமல், முக்கிய இலக்கங்களைத் தனியாகவும் அடுக்கைத் தனியாகவும் எழுதிவிடுகிறோம். கணினியும் பதின்மப் புள்ளி உள்ள எண்களை இப்படித்தான் சேமிக்கிறது. நாம் 10இன் அடுக்கை எடுக்கிறோம், அது 2இன் அடுக்கை எடுத்துக்கொள்கிறது. அடுக்கு மாற மாறப் புள்ளியும் இடம் மாறுவதால் இதற்கு மிதப்புப் புள்ளி என்று பெயர்.

சி++ மொழியில் டபுள் என்ற தரவினம் இன்றைய கணினிகளில் 64 பிட் இடம் எடுத்துக்கொள்ளும். அதில் 1 பிட் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதற்கு. 11 பிட் அடுக்குக்கு. மீதி 52 பிட் இலக்கங்களுக்கு, அதாவது பின்னப் பகுதிக்கு.

அந்த 11 பிட்டில் 0 முதல் 2047 வரை மொத்தம் 2048 எண்களை எழுத முடியும். இவற்றில் 1 முதல் 2046 வரை உள்ளவை சாதாரண எண்களுக்கு. இரண்டு ஓரங்களிலும் இருக்கும் 0, 2047 ஆகியவற்றைச் சிறப்புத் தேவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஓரங்களில்தான் இன்றைய கதை இருக்கிறது.

ஐந்து வகைகள்

முதல் வகை, இயல்பானது. ஆங்கிலத்தில் நார்மல் என்பார்கள். நாம் கணக்கில் சொல்லும் இயல் எண் வேறு, இது வேறு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 60, 75, 0.1, கழித்தல் 2.5 எல்லாமே இந்த வகைதான். அளவில் ஏறத்தாழ 2.2 × 10⁻³⁰⁸ முதல் 1.8 × 10³⁰⁸ வரை இதற்குள் அடங்கும்.

இரண்டாம் வகை, பூச்சியம். அடுக்குப் பகுதியும் பின்னப் பகுதியும் முழுக்க 0. குறிக்கென்று ஒரு பிட் தனியாக இருப்பதால் இங்கே கூட்டல் பூச்சியம், கழித்தல் பூச்சியம் என்று இரண்டு உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் சமம் என்றுதான் கணினி சொல்லும். ஆனால் 1ஐ இவற்றால் வகுத்தால் ஒன்று கூட்டல் முடிவிலியையும் மற்றொன்று கழித்தல் முடிவிலியையும் தரும்.

மூன்றாம் வகை, இயல்புக்குக் குறைந்தது. சப்நார்மல் என்பார்கள். அடுக்குப் பகுதி 0, பின்னப் பகுதியில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. மிக மிகச் சிறிய எண், ஆனால் பூச்சியம் அல்ல. இந்த வகையில் ஏறத்தாழ 4.9 × 10⁻³²⁴ வரை இறங்க முடியும். இறங்க இறங்க முக்கிய இலக்கங்கள் குறைந்துகொண்டே போகும், துல்லியமும் குறையும். ஆனாலும் எண் இருக்கிறது.

நான்காம் வகை, முடிவிலி. அடுக்குப் பகுதி 2047, பின்னப் பகுதி 0. போன தேர்வில் 0, இந்தத் தேர்வில் 40 எடுத்த மாணவனின் வளர்ச்சி விழுக்காட்டைக் கேட்டால், 40ஐ 0ஆல் வகுக்கச் சொல்கிறோம். மிதப்புப் புள்ளி எண்களாக இருந்தால் சி++ நிரல் இங்கே முடிவிலியைத் தரும்.

ஐந்தாம் வகை, எண் அல்லாதது. நேன் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அடுக்குப் பகுதி 2047, பின்னப் பகுதியில் 0 தவிர ஏதாவது. ஒருவருமே எழுதாத தேர்வுக்குச் சராசரி கேட்டால் மொத்தம் 0, எண்ணிக்கை 0. மொத்தத்தை டபுள் மாறியில் வைத்திருந்தால், 0ஐ 0ஆல் வகுத்து நேன் என்ற விடை வரும். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தாலும், கழித்தல் 1க்கு வர்க்கமூலம் கேட்டாலும் இதுவே வரும்.

ஒரு மாறியில் இருப்பது இந்த ஐந்தில் எது என்று கேட்க சி++ மொழியில் ஒரு செயற்கூறு உண்டு. எஃப், பி என்ற இரண்டு எழுத்துகளோடு கிளாசிஃபை என்ற சொல்லை இடைவெளியில்லாமல் சேர்த்து எழுத வேண்டும். சிமேத் என்ற தலைப்புக் கோப்பில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தில் முதலில் வந்து, 2011ஆம் ஆண்டின் சி++ தரத்தில் சேர்ந்தது. பழைய நிரல்பெயர்ப்பியாக இருந்தால் 2011 தரத்துக்கான தெரிவை இயக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்தச் செயற்கூறு ஒரு முழு எண்ணைத் திருப்பி அனுப்பும். மாணவர்கள் அதைத் திரையில் அச்சிட்டுப் பார்த்து, "4 வந்தால் இயல்பானது" என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுத விடாதீர்கள். எந்த வகைக்கு எந்த எண் என்பதைத் தரம் வரையறுக்கவில்லை. ஒரு நிரல்பெயர்ப்பியில் இயல்பானதற்கு 4 வரும், வேறொன்றில் 1024 வரும். ஐந்து வகைகளுக்கும் பெயருள்ள மாறிலிகள் இருக்கின்றன. திரும்பி வந்த விடையை அந்தப் பெயர்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த ஏற்பாடு வந்த கதை

1980க்கு முன்னால் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. ஒரு கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் இன்னொன்றில் வேறு விடை தரும், அல்லது பாதியில் நின்றுவிடும். இதைச் சீராக்க ஐ-ட்ரிபிள்-இ 754 என்ற தரம் 1985இல் வந்தது. அதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த வில்லியம் கஹான். 1989ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. இன்று நம் மாணவர்களின் மடிக்கணினியும் நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியும் இந்தத் தரத்தை ஒட்டித்தான் கணக்குப் போடுகின்றன.

அந்தத் தரத்தை உருவாக்கும்போது அதிகமாகச் சண்டை நடந்தது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? முடிவிலிக்காக அல்ல, நேனுக்காகவும் அல்ல. மூன்றாம் வகைக்காக, அந்த மிகச் சிறிய எண்களுக்காக. "இவ்வளவு சிறிய எண்ணைப் பூச்சியமாக்கிவிட்டால் என்ன? இதைத் தூக்கிச் சுமப்பதால் கணினியின் வேகம் குறையும்" என்று டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் எதிர்த்தது. அப்போது அது பெரிய நிறுவனம். கஹான் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், அந்த நிறுவனமே ஆராய்ந்து சொல்லும்படி கேட்டுக்கொண்ட வல்லுநர், சிறிய எண்களைக் காப்பாற்றுவதே சரி என்று 1981இல் கருத்துச் சொன்னார்.

அவர்கள் ஏன் அப்படிப் பிடிவாதமாக நின்றார்கள்? காரணம் நமக்கும் புரியக்கூடியதுதான். இரண்டு எண்கள் வேறுவேறு என்றால் அவற்றின் வித்தியாசம் பூச்சியமாக இருக்கக் கூடாது. இது நாம் மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது. மிகச் சிறிய எண்களையெல்லாம் பூச்சியமாக்கிவிட்டால், வேறுவேறான இரண்டு சிறிய எண்களைக் கழித்தாலும் 0 வந்துவிடும். "இரண்டும் வேறுதானே" என்று சரிபார்த்துவிட்டு, நம்பிக்கையோடு அந்த வித்தியாசத்தால் வகுக்கும் நிரல் அங்கே கவிழும். கழித்தலின் அடிப்படை விதியைக் காப்பாற்றத்தான் அந்த வகை இருக்கிறது.

ஒரே மாணவி, இரண்டு முடிவுகள்

இப்போது நேனுக்கு வருகிறேன். வராத மாணவியின் கட்டத்தில் 0 போடாமல் நேன் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான மாறிலியும் சிமேத் கோப்பிலேயே இருக்கிறது. உடனே ஒரு நன்மை. நேனோடு எதைக் கூட்டினாலும் நேன்தான், எதனால் வகுத்தாலும் நேன்தான். மொத்தமும் நேன், சராசரியும் நேன். "இந்தப் பட்டியலில் ஏதோ ஒன்று எண் இல்லை, போய்ப் பார்" என்று கணினி நம்மிடம் சொல்கிறது. பொய்யான 60ஐக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நேனை எதோடு ஒப்பிட்டாலும், பெரியதா, சிறியதா, சமமா என்ற எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றுதான் விடை வரும். நேனும் நேனும் சமமா என்று கேட்டால்கூட இல்லை என்று வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தேர்ச்சி பார்க்கும் நிரல் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஒரு மாணவன் இப்படி எழுதுகிறான்: மதிப்பெண் 35க்குக் குறைவு என்றால் தோல்வி, இல்லையென்றால் தேர்ச்சி. இன்னொரு மாணவன் இப்படி எழுதுகிறான்: மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் என்றால் தேர்ச்சி, இல்லையென்றால் தோல்வி. கரும்பலகையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுப்போம். ஆனால் தேர்வுக்கே வராத மாணவியின் நேன் முதல் நிரலுக்குள் போனால், "35க்குக் குறைவா?" என்ற கேள்விக்கு இல்லை என்று விடை வந்து, அவள் தேர்ச்சி பெற்றுவிடுவாள். அதே நேன் இரண்டாம் நிரலுக்குள் போனால், "35க்கு மேலா?" என்பதற்கும் இல்லை என்று வந்து, அவள் தோல்வி அடைந்துவிடுவாள். எழுதாத தேர்வில் ஒரு பிள்ளை ஜெயிப்பதும் தோற்பதும், நிரல் எழுதியவர் எந்தச் செயற்குறியைப் போட்டார் என்பதைப் பொறுத்துப் போய்விடுகிறது.

இதற்கு மருந்து எளிது. ஒப்பிடுவதற்கு முன் வகையைக் கேட்க வேண்டும். முதல் நிபந்தனை, "இது நேனா?" ஆம் என்றால் "தேர்வு எழுதவில்லை" என்று அச்சிட்டுவிட்டு அடுத்த மாணவருக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் 35 பற்றிய பேச்சு. நேனா என்று மட்டும் கேட்க ஈஸ்நேன் என்ற தனிச் செயற்கூறும் இருக்கிறது. பைத்தானில் மேத் தொகுதியிலும் அதே பெயரில் உண்டு.

பைத்தான் என்றதும் ஒரு செய்தி. பதினொன்றாம் வகுப்பில் சி++ படித்த மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு வரும்போது இங்கே ஒரு வித்தியாசத்தைக் காண்பார்கள். 1.0ஐ 0.0ஆல் வகுத்தால் சி++ நிரல் முடிவிலி என்று சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பைத்தான் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஒரு மொழி வகையைக் குறித்துக்கொண்டு தொடர்கிறது, மற்றது அங்கேயே நிறுத்திக் கேட்கிறது. இரண்டு மொழிகளிலும் நிரல் எழுதுபவருக்குப் பொறுப்பு ஒன்றுதான்.

கேட்காமல் விட்டதன் விலை

1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் நடுக்கடலில் செயலற்று நின்றது. தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் பணியாளர் ஒருவர் 0 என்று பதிந்திருந்தார். அந்த 0 ஒரு வகுத்தலில் வகுஎண்ணாகப் போய் நின்றது. மென்பொருள் நிலைகுலைந்து, உந்து இயந்திரங்களின் கட்டுப்பாடும் அதோடு போனது. ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு பூச்சியம்தான் காரணம்.

வகை இயல்பானதாகவே இருந்தாலும் போதாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட் மிதப்புப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். 16 பிட்டில் 32767 வரைதான் எழுத முடியும். வந்த எண் அதைத் தாண்டியிருந்தது. எண்ணில் ஒரு குறையும் இல்லை, அதை ஊற்றிய பாத்திரம்தான் சிறியது. எனவே வகை கேட்ட பிறகு எல்லையையும் கேட்க வேண்டும் என்று மாணவர்களிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் ஒரு பாடவேளை

இந்த ஐந்து வகைகளையும் மாணவர்கள் கண்ணால் பார்க்க ஒரு செயல்பாடு சொல்கிறேன். ஒரு மடக்கு போதும், வேறு கருவி எதுவும் வேண்டாம்.

டபுள் மாறியில் 1 என்று வைத்துக்கொண்டு, அதை இரண்டால் வகுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வகையைக் கேட்டு அச்சிட வேண்டும். 64 பிட் நிரல்பெயர்ப்பியில் 1022ஆம் முறை வரை இயல்பானது என்று வரும். 1023ஆம் முறையிலிருந்து இயல்புக்குக் குறைந்தது என்று மாறும். அது 1074ஆம் முறை வரை தாக்குப்பிடிக்கும். 1075ஆம் முறையில் பூச்சியம். இடையில் இருந்த அந்த 52 படிகளையும் பின்னப் பகுதியின் 52 பிட்டையும் மாணவர்களே பொருத்திப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

அடுத்து 1ஐ இரட்டித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். 1023 முறை இயல்பானது, 1024ஆம் முறை முடிவிலி. அந்த முடிவிலியிலிருந்து அதையே கழிக்கச் சொல்லுங்கள். நேன் வந்து நிற்கும். ஐந்து வகைகளும் ஒரே பாடவேளையில் வந்துவிட்டன. ஓடவிடுவதற்கு முன் விடையை ஊகித்து நோட்டில் எழுதச் சொல்வது முக்கியம். எழுதி வைத்த ஊகம் தவறும்போதுதான் கேள்வி பிறக்கும்.

தொடக்க வகுப்புகளில்

இப்போது அந்த ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். இதன் வேர் நான்காம், ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. ஐந்து அட்டைகளில் 5, 0, 0 ÷ 5, 5 ÷ 0, 0 ÷ 0 என்று எழுதி, "இவற்றை வகை பிரியுங்கள்" என்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

வகுத்தலைப் பெருக்கலால் சரிபார்க்க அவர்களுக்குத் தெரியும். 0 ÷ 5இன் விடை 0, ஏனெனில் 5 × 0 = 0. இது பூச்சியத்தோடு சேரும். 5 ÷ 0? எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 5 வரும்? ஒன்றும் கிடைக்காது. 0 ÷ 0? எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 0 வரும்? எல்லா எண்ணும் சரிப்பட்டு வரும். ஒன்றில் விடையே இல்லை, மற்றொன்றில் எதை வேண்டுமானாலும் விடை என்று சொல்லலாம். இரண்டையும் "வகுக்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். காரணங்கள் வேறு என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், பின்னாளில் கணினி ஏன் ஒன்றுக்கு முடிவிலியும் மற்றொன்றுக்கு நேனும் தருகிறது என்பது அவளுக்கு வியப்பாக இருக்காது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் கணக்குப் பாடத்தில் 5 ÷ 0 வரையறுக்கப்படாதது. முடிவிலி என்பது கணினிக்காகச் செய்துகொண்ட உடன்பாடு. 5ஐ 0.1ஆல், 0.01ஆல், 0.001ஆல் வகுத்தால் 50, 500, 5000 என்று விடை ஏறிக்கொண்டே போகிறதல்லவா, அதன் தொடர்ச்சியாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. தேர்வுத்தாளில் 5 ÷ 0 = முடிவிலி என்று எழுதக் கூடாது.

இந்தக் குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல என்று சொல்லி அவர்களுக்குத் தைரியம் கொடுக்கலாம். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தம் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் பூச்சியத்துக்கான கணக்கு விதிகளை எழுதியபோது, 0 ÷ 0 என்பது 0 என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் பூச்சியத்தால் வகுபட்ட எண்ணுக்குக் கஹரம் என்று தனிப்பெயரே வைத்து, அதை முடிவில்லாத அளவாகக் கொண்டார். சாதாரண எண்களோடு இது சேராது, இதற்குத் தனி வகை வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டிலேயே அவ்வளவு பழையது.

நம் பதிவேடுகளுக்கு

முடிக்கும் முன், நாளை முதல் நாம் செய்யக்கூடிய மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, வராத பிள்ளைக்கு 0 எழுதாதீர்கள். மென்பொருள் எண் கேட்டால், கட்டத்தைக் காலியாக விட்டு, வருகைக்கு என்று பக்கத்தில் தனி நிரை வைத்துக்கொள்ளுங்கள். நேனால் "எண் இல்லை" என்று மட்டும்தான் சொல்ல முடியும். காய்ச்சலா, வீட்டில் துக்கமா, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும், விசாரிக்கவும் வேண்டும்.

இரண்டு, சராசரியைச் சொல்லும்போது எத்தனை பேரின் சராசரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "75, நான்கு பேர் எழுதியது, ஒருவர் வரவில்லை" என்று எழுதினால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

மூன்று, இருக்கும் கொஞ்சத்தைப் பூச்சியமாக்காதீர்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் நாம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்க்கிறோம். அரும்பு என்பது பூச்சியம் அல்ல. வாக்கியம் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துகள் தெரிந்திருக்கலாம். கழித்தல் வராத பிள்ளைக்குக் கூட்டல் வரலாம். "ஒன்றும் தெரியாது" என்று நாம் பதிந்துவிட்டால், அடுத்த மாதம் அவன் ஒரு படி ஏறியிருந்தாலும் பட்டியலில் அது தெரியாது. 0க்கும் 0க்கும் வித்தியாசம் 0தானே. மிகச் சிறிய எண்களைக் காப்பாற்ற அந்த வல்லுநர்கள் வருடக்கணக்கில் வாதாடியது, சிறிய வித்தியாசம் காணாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

வராதவள், எழுதியும் ஒன்றும் பெறாதவன், கொஞ்சம் பெற்றவன். மூன்று பேருக்கும் நாம் செய்ய வேண்டியது வேறுவேறு. முதலாமவளின் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாமவனுக்கு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாமவனுக்கு அவன் நிற்கும் படியிலிருந்து அடுத்த படியைக் காட்ட வேண்டும். மூவருக்கும் ஒரே 0 போட்டுவிட்டால் யாருக்கு எது என்று நமக்கே தெரியாமல் போகும்.

ஆய்வகச் செயல்பாட்டுக்கான நிரலை மதிய இடைவேளையில் விரும்புவோருக்குப் போட்டுக் காட்டுகிறேன். கணினி ஆசிரியர்கள் மட்டும் என்றில்லை, எல்லோரும் வாருங்கள்.